கால் இஞ்ச் புஷ்

குழாய் சின்னதாக இருந்தால் காற்று வேகமாக வரும் என்று சொல்கிற ஆளைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். என் கடைக்கு அப்படி அடிக்கடி ஒருவன் வந்துவிடுகிறான். நான் திருவொற்றியூரில் ஹோஸும் ஃபிட்டிங்கும் விற்கிறேன். கம்ப்ரஸரை வாங்கும்போது ஊரையே கேட்டு வாங்குகிறவன், அதிலிருந்து காற்றை எடுத்துப் போகிற ஹோஸை மட்டும் கொடிக்கயிறு வாங்குவதுபோல வாங்குவான். எத்தனை நீளம் என்று கேட்பான், நீலத்தில் இருக்கிறதா என்று கேட்பான். உள்ளே ஓட்டை எவ்வளவு என்று கேட்கமாட்டான். நான் எடுத்துச் சொன்னால், தண்ணீர் ட்யூபைக் கட்டைவிரலால் அமுக்கிப் பாரும்மா, எப்படி எகிறுகிறது என்று எனக்கே பாடம் எடுப்பான். முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டுத் திட்டுவேன். வியாபாரத்துக்கு அது ஆகாது என்று எனக்கும் தெரியும்.

இந்தக் கட்டைவிரல் பாடத்தை நான் முதலில் கேட்டது என் அப்பாவிடம்.

அப்பாவுக்கு எர்ணாவூரில் பட்டறை. பெரிதாக நினைக்க வேண்டாம். தகரக் கூரை, மூன்று பக்கம் மறைப்பு, நாலாவது பக்கம் ரோடு. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் ட்ரெய்லர்கள் அந்த ரோட்டில் வரிசைகட்டி நிற்கும். சில நாள் காலையில் பார்த்த வண்டி சாயங்காலமும் அதே இடத்தில் நிற்கும். ட்ரெய்லரைக் கூரைக்குள் கொண்டுவர முடியாது. அது எங்கே நிற்கிறதோ அங்கேயே போய்த்தான் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். கடல் உப்பும் அனல் மின் நிலையத்துச் சாம்பலும் சேர்ந்து சக்கர நட்டுகளைப் பல்லைக் கடித்தமாதிரி இறுக்கி வைத்திருக்கும்.

அதைக் கழற்றுகிற ஆள் என் சித்தப்பா, அப்பாவின் தம்பி. ஸ்பேனரை நட்டில் மாட்டி, அதன் பிடியில் ஆள் உயர இரும்புப் பைப்பைச் சொருகி, பைப்பின்மேல் ஏறி நின்று, வண்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு எம்பு எம்புவார். டக் என்று ஒரு சத்தம் வரும். நட்டு விட்டுவிட்டது என்று அர்த்தம். டிரைவர்கள் கீழே இறங்கி நின்று அதை வேடிக்கை பார்ப்பார்கள். ஒற்றை ஆள் கிரேன் என்று அவருக்குப் பெயர். முன்பு கத்திவாக்கம் பக்கம் ஒரு கம்பெனியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர். கம்பெனி மூடியதும் எங்கள் வீட்டுக்கு வந்தார். கல்யாணம் ஆகவில்லை. இன்ஜின் வேலை கற்றுக்கொடுக்க அப்பா பாடுபட்டார், வரவில்லை. அவர் விரல்களுக்குள் சின்ன ஸ்க்ரூ காணாமல் போய்விடும். நட்டைக் கழற்றுவார், மாட்டுவார், அவ்வளவுதான். நிறைய நட்டு கழற்றிய நாளில், "அண்ணி, இன்னும் கொஞ்சம் போடு" என்று தட்டை நீட்டுவார். வண்டி வராத நாளில் போட்டதைத் தின்றுவிட்டு எழுந்துபோவார்.

கம்ப்ரஸரைக் கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. ராயபுரத்துக்காரர், துறைமுகத்தில் ஃபிட்டர். மூடிப்போன ஏதோ ஒரு கம்பெனியில் ஏலம்விட்டபோது பார்த்து, இதையும் நட்டைக் கழற்றுகிற காற்று கன்னையும் சேர்த்து எடுத்துக்கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்த கையோடு மினி லாரியில் அது வந்து இறங்கியது. டேங்குக்கு ரோஜா மாலை போட்டிருந்தார். மாப்பிள்ளை அழைப்பு மாதிரி தெருப் பிள்ளைகள் நாங்கள் பின்னாலேயே ஓடினோம்.

"மாமா, இது ஆன மாரி. ஹோஸு மட்டும் நல்லதா போட்டுக்கோ" என்று அக்காள் புருஷனான அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். ஹோஸை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் அப்பா.

பார்த்துக்கொண்டார். சுண்டுவிரல் தடிமனில் நீல ஹோஸ் ஒரு சுருள் வாங்கிவந்தார். ரோட்டில் கடைசியாக நிற்கிற ட்ரெய்லர்வரை எட்டும். உள்ளே ஓட்டை கால் இஞ்ச். கம்ப்ரஸர் டேங்கில் காற்று வெளியே வருகிற வால்வோ அரை இஞ்ச். பெரிய மரைக்குள், அதாவது திருகுப் புரிக்குள், சின்ன மரையைப் பூட்ட ஒரு பித்தளைத் துண்டு வேண்டும், அதற்குப் புஷ் என்று பெயர். வால்வில் புஷ்ஷைப் போட்டு, அதில் ஒரு பக்கம் மரையும் மறுபக்கம் ஹோஸ் சொருகுகிற வாலும் உள்ள சின்ன நிப்பிளைப் போட்டு, அதில் அந்தச் சின்ன ஹோஸைச் சொருகி, கிளிப் போட்டு முறுக்கினார். எதற்கு இத்தனை சின்னது என்று அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்கள் கேட்டார்கள். அப்போதுதான் கட்டைவிரல் பாடம் வந்தது. ஓட்டை சின்னதாக ஆக ஆகக் காற்று வெறிபிடித்து வரும் என்றார். என் அப்பா பேசினால் எதிரே இருப்பவனுக்குச் சரி என்றுதான் படும். குரல் அப்படி.

மோட்டார் போட்டதும் தெருவே காதைப் பொத்திக்கொண்டது. டேங்கின் மீட்டரில் முள் மேலே ஏறி நின்றது. அப்பா கன்னை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போய் ட்ரெய்லர் நட்டில் வைத்து அமுக்கினார். கிர்ர்ர் என்று ஒரு சத்தம். நட்டு அசையவில்லை. மறுபடியும் அமுக்கினார். ஈ மொய்க்கிறமாதிரி கிர்ர்ர். டிரைவர், இதைவிட என் பொண்டாட்டி தையல் மெஷினுக்குப் பலம் ஜாஸ்தி என்றான். கடைசியில் சித்தப்பா பைப்பைத் தூக்கிக்கொண்டு வந்து ஒரு எம்பில் டக் என்று எடுத்தார். கூட்டம் விசிலடித்தது. அப்பா அப்போது சிரித்தமாதிரி எனக்கு ஞாபகம். கெட்டுப்போன மெஷினை வாங்கினவன் எதற்குச் சிரிப்பான் என்று அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து மாமா திருடன் ஆனார். செத்த மெஷினுக்கு மாலை போட்டுத் தலையில் கட்டிவிட்டான் என்று அப்பா டீக்கடை முழுக்கச் சொன்னார். விஷயம் ராயபுரம் போய் மாமா வந்தார். ஹோஸைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இன்னா மாமா இது, இதுல மூச்சே போவாது. காத்து எப்பிடிப் போவும்?"

அப்பா மறுபடியும் கட்டைவிரலைக் காட்டினார். மாமா, இது தண்ணி இல்லை என்றார். டேங்கு உள்ளே துருப்பிடித்த மெஷினைத் தள்ளிவிட்டு ஹோஸைக் குறை சொல்கிறாயா என்றார் அப்பா. பேச்சு அங்கிருந்து பழைய விஷயங்களுக்குப் போனது. அம்மாவின் கல்யாணத்தில் போட்ட பந்திவரைக்கும் போனது. நடுவில் அப்பா திருடன் என்ற வார்த்தையை நேராகவே சொல்லிவிட்டார்.

"திருடன் இனிமே உன் வூட்டுப் படி மெறிக்கமாட்டான்" என்று சொல்லிவிட்டு மாமா போனார். பஸ் ஸ்டாண்டுவரை பின்னால் போன அம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம்.

எனக்கு அது தலையில் இடி. அடுத்த மாதம் எனக்குப் புதுநன்மை. கோயிலில் முதல்முறை நற்கருணை வாங்குகிற நாள். பெண் பிள்ளைகள் கல்யாணப் பெண் மாதிரி வெள்ளை கவுன், தலையில் கிரீடம், கையில் மெழுகுவர்த்தியோடு வரிசையில் போவோம். எங்கள் பக்கம் அந்த கவுனைத் தாய்மாமன்தான் எடுக்க வேண்டும். மாமா ராயபுரத்தில் ஒரு டெய்லரிடம் என்னைக் கூட்டிப்போய் அளவே கொடுத்திருந்தார். கையில் பஃப் வைக்கச் சொல்லியிருந்தேன். இப்போது அந்த கவுன் அங்கே, நான் இங்கே.

நான் எடுத்துத் தருகிறேன் என்றார் அப்பா. அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே பதில் சொன்னாள்.

"தாய்மாமன் உசுரோட இருக்கசொல்ல அப்பன் எடுக்குற துணிய எம் பொண்ணு போடமாட்டா. கோயிலுக்கே வரமாட்டோம், இன்னா பண்ணுவ?"

அம்மா சொன்னால் செய்வாள். புதுநன்மை இல்லாமலே நான் கிழவியாகிவிடுவேன் என்று பயந்தேன். புதுநன்மைக்கு முன்னால் முதல் பாவசங்கீர்த்தனம் உண்டு, செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்வது. கூண்டுக்கு இந்தப் பக்கம் முழங்காலிட்டு, சாமியாரிடம், எங்கப்பா எங்க மாமாவைத் திருடன்னு சொல்லிட்டாரு என்றேன். அது உங்கப்பாவோட பாவம், நீ செஞ்சதைச் சொல்லு என்றார். என்னுடையது எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. எங்கப்பா ஹோஸும் சின்னதா வாங்கிட்டாரு என்றேன். அந்தப் பக்கம் சாமியார் சிரிப்பை இருமலாக்கினார்.

வழி பிறந்தது தண்ணீர் லாரியில். எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர் லாரியில்தான் வரும். லாரியின் பெரிய ட்யூபை நடுவில் போட்டதும் பெண்கள் குடத்தோடு பாய்வார்கள். கூட்டம் குறைந்ததும், வீட்டு டிரம்முக்குக் கொண்டுபோக ஆளாளுக்கு ஒரு சின்ன ட்யூபைச் சொருகுவார்கள். அன்று காலை எங்கள் ட்யூபும் பக்கத்து வீட்டு ட்யூபும் ஒன்றாகச் சொருகியிருந்தன. அவர்களுடையது தடி ட்யூப். அவர்கள் டிரம் நிரம்பி வழிந்து, வாசல் கழுவி, பூச்செடிக்கும் ஊற்றிவிட்டார்கள். எங்கள் டிரம்மில் பாதிகூட வரவில்லை. அம்மா லாரியைப் பார்த்தாள், ட்யூபைப் பார்த்தாள். பிறகு இடுப்பில் சேலையைச் சொருகிக்கொண்டு அப்பாவைக் கூப்பிட்டாள். பல் துலக்கிக்கொண்டே வந்தார் அவர்.

"இன்னாய்யா உன் கட்டவெரலு? இப்ப காட்டு."

அப்பா நுரை வாயோடு ட்யூபை வாங்கி அமுக்கினார். தண்ணீர் எதிர்வீட்டுச் சுவர்வரை பாய்ந்தது. பிள்ளைகள் கத்தினோம். அம்மா அசையவில்லை. ஒரே அளவில் இரண்டு குடத்தை எடுத்து வைத்தாள். ஒன்றில் ட்யூபைச் சும்மா விட்டாள். அது நிரம்பும்வரை வாய்க்குள்ளேயே அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்தாள், கணக்குக்கு. பிறகு சித்தப்பாவைக் கூப்பிட்டு, தெருவிலேயே பெரிய கட்டைவிரல் அவருடையது, அந்த விரலால் ட்யூபை நன்றாக அமுக்கி இரண்டாவது குடத்துக்குள் பிடிக்கச் சொன்னாள். தண்ணீர் குடத்துக்குள் புஸ்ஸென்று சீறியது. சத்தம்தான் பெரிது. அதே ஜெபம் அதே எண்ணிக்கைக்கு ஓடியது. குடம் பாதி தாண்டவில்லை.

"எகிர்றதுக்கும் ரொம்புறதுக்கும் வித்தியாசம் கீதா இல்லியா? லாரி நெறைய தண்ணி கீது. உன் ட்யூபு விட்டாதான வரும். எந் தம்பி லாரிய குடுத்தான், நீ ஊதற கொழல மாட்டி வெச்சிக்கினு அவன திருடன்றியே."

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. சித்தப்பா விரலை எடுக்காமல் அண்ணனையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பா வாயைக் கொப்பளித்துவிட்டு, என்னமோ செய்துகொள் என்று உள்ளே போய்விட்டார்.

அன்றே பள்ளி விட்டதும் என்னையும் கூட்டிக்கொண்டு அம்மா ஹார்டுவேர் கடைக்குப் போனாள். தூத்துக்குடிப் பக்கத்து அண்ணாச்சி கடை அது. போகுமுன் அம்மா பட்டறைக்குப் போய்ச் சித்தப்பாவை வைத்து அந்தப் புஷ்ஷையும் நிப்பிளையும் கழற்றி வாங்கிக்கொண்டாள். நான் பென்சில் டப்பாவிலிருந்து ஸ்கேலை எடுத்து நிப்பிளின் மரையை அளந்தேன். அரை இஞ்ச் காட்டியது. அம்மா, இது அரை இஞ்ச்தான், அப்பா சரியாத்தான் போட்டிருக்காரு என்றேன். அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. அப்படியென்றால் ஹோஸ் குற்றம் இல்லை, தம்பி திருடன்தான் என்று ஆகிவிடுமே. பஸ்ஸில் அந்த நிப்பிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கடையில் அம்மா கேட்கும் முன்பே நான் ஸ்கேலோடு போய் நின்றேன். அண்ணாச்சி சிரித்துவிட்டார்.

"ஏ பிள்ள, இது கால் இஞ்ச். வெளிய அளந்தா அர இஞ்ச்தான் காட்டும். பைப்புக்கெல்லாம் உள்ளார ஓட்டைய வச்சுதான் பேரு. வெளித் தடிமன் எவனுக்கு வேணும்?"

அரை இஞ்ச் நிப்பிள் ஒன்றை எடுத்துக் காட்டினார். அதன் மரையை அளந்தால் முக்கால் இஞ்சுக்கும் மேலே போனது. இன்றைக்கும் ஸ்கேலை வைத்து அளந்துகொண்டு வந்து, அரை இஞ்ச் கொடு என்று என்னிடம் அடம்பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கால் இஞ்ச்சைக் கொடுத்தால்தான் அது பொருந்தும். சொன்னால் நம்பமாட்டார்கள்.

அம்மாவுக்கு உயிர் வந்தது. அப்புறம் அவள் அண்ணாச்சியைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. அரை இஞ்ச் ரப்பர் ஹோஸ், உள்ளே நூல் பின்னியது, அதை வெட்டுமுன் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு ஃபிட்டிங்கையும் கண்ணருகே வைத்து வெளிச்சத்தில் பார்த்தாள், ஊசியில் நூல் கோர்க்கிறமாதிரி. அண்ணாச்சி ஒரு நிப்பிளை எடுத்துவந்து, தாயி, இதப் போட்டா பழைய புஷ்ஷ அப்பிடியே வச்சுக்கிடலாம், சோலி சுளுவா முடியும் என்றார். அதில் ஹோஸ் சொருகுகிற வால் அரை இஞ்ச், மரைப் பக்கம் கால் இஞ்ச். அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்தாள். "வாய் பெருசா கீது, தொண்ட சின்னதா கீது. வேணாம் அண்ணாச்சி, என் வூட்லயே ஒண்ணு கீது அந்த மாரி" என்றாள். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். டேங்கிலிருந்து கன்வரை எங்கேயும் தொண்டை சிறுக்கக் கூடாது, ஒரு இடத்தில் சிறுத்தாலும் மொத்த ஹோஸும் சின்னதுதான் என்று அண்ணாச்சியே ஒத்துக்கொண்டார். கன்னின் வாய் மட்டும் அதன் அளவில்தான் இருக்கும், கடைசி ஒரு விரற்கடை, அதனால் மோசமில்லை என்றார்.

மறுநாள் சித்தப்பாதான் எல்லாவற்றையும் பூட்டினார். அம்மா ஒவ்வொரு மரைக்கும் வெள்ளை டேப்பைச் சுற்றிச் சுற்றிக் கொடுத்தாள். அப்பா வேறு ஒரு வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, இல்லாத வேலையைச் செய்துகொண்டிருந்தார். பட்டறையை ஒட்டிய டீக்கடையில் ஒரு ரூபாய் போடுகிற போன் இருந்தது. அம்மா அதிலிருந்து மாமா வேலை செய்கிற இடத்துக்குப் போட்டு, அவரை அழைக்கச் சொன்னாள்.

"நீ ஒண்ணும் பேசாத. சத்தத்த மட்டும் கேளு."

ரிசீவரை வயர் நீண்ட மட்டும் ரோட்டுப் பக்கம் நீட்டிப் பிடித்தாள். சித்தப்பா கன்னை நட்டில் வைத்து அமுக்கினார். இந்தமுறை கிர்ர்ர் இல்லை. டகடகடகடக என்று சுத்தியல் அடித்த சத்தம், தகரக் கூரை அதிர்ந்தது, நட்டு சுழன்றுகொண்டு வெளியே வந்து அவர் காலடியில் விழுந்தது. அடுத்தது. அடுத்தது. ஒரு சக்கரம் முழுதும் டீ ஆறுவதற்குள் கழன்றது. டிரைவர் கைதட்டினான். அம்மா ரிசீவரைக் காதில் வைத்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். அந்தப் பக்கம் மாமாவும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது.

எல்லோரும் கன்னைச் சுற்றி நின்றார்கள். வாங்கிப் பார்க்க அடித்துக்கொண்டார்கள். சித்தப்பா அதை அவர்களிடம் கொடுத்துவிட்டு, சாய்த்து வைத்திருந்த பைப்பை எடுத்துக்கொண்டுபோய்ப் பட்டறைக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தார். இடைஞ்சலா கெடக்குது என்றார்.

சனிக்கிழமை மாமா கவுனோடு வந்தார். கையில் பஃப் இருந்தது. அப்பா மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, கேட்கிற ஆளும் இல்லை. துன்னுட்டுப் போ என்று மட்டும் சொன்னார். திருடனுக்கு எலும்பு போடு என்று மாமா அம்மாவிடம் தட்டை நீட்டினார். அதோடு சமாதானம் ஆனது. ஞாயிறு காலை நான் மெழுகுவர்த்தியோடு வரிசையில் போனேன். என் கவுன்தான் அழகு என்று எனக்குத் தெரியும். மத்தியானம் பிரியாணி. சித்தப்பா பரிமாறிக்கொண்டே இருந்தார், கடைசிவரை உட்காரவில்லை.

அதற்கப்புறம் பட்டறை நன்றாக ஓடியது. கன்னை யார் வேண்டுமானாலும் பிடித்தார்கள். என்னையே ஒருமுறை பிடிக்கவிட்டார்கள், தோள் கழன்றுவிட்டது. சித்தப்பா பட்டறையைப் பெருக்கினார். டீ வாங்கிவந்தார். ஹோஸைச் சுருட்டினார். வீட்டில் தட்டில் போட்டது பாதி அப்படியே இருக்கும். அம்மா ஒருநாள் கேட்டேவிட்டாள். "நா இன்னாத்துக்கு அண்ணி, அதான் மிஷின் கீதே" என்று அவர் சிரித்தார். சாப்பாட்டைக் கேட்டால் மெஷினைச் சொல்கிறாரே என்று எனக்கும் சிரிப்பு வந்தது. அம்மா சிரிக்கவில்லை. வள்ளூர்ப் பக்கம் சாம்பல் அள்ளுவதற்கு ஒரு மேஸ்திரி ஆள் சேர்க்கிறான், அங்கேயே ஷெட்டில் தங்கிக்கொள்ளலாம், பேர் கொடுத்திருக்கிறேன் என்று அவர் அப்பாவிடம் சொன்னதும் அந்த வாரத்தில்தான். அன்று அப்பாவும் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் ஸ்கூல் அரைநாள். வீட்டுக்கு வந்தபோது அப்பா பட்டறையை விட்டுவிட்டு வீட்டில் நின்றிருந்தார். அம்மா என் கிரீடமும் மெழுகுவர்த்தியும் வைத்திருந்த டப்பாவைத் திறந்து, அடியிலிருந்து ஒரு துணிமுடிச்சை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. துணி விலகினபோது பார்த்தேன். அந்தப் பழைய புஷ். அப்பாவின் சட்டைப் பையில் இன்னொரு பித்தளை எட்டிப்பார்த்தது. எனக்குத் தெரியாதா அது? அண்ணாச்சி கடையில் அம்மா வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த நிப்பிள். வாய் அரை இஞ்ச், தொண்டை கால் இஞ்ச்.

பின்னாலேயே ஓடினேன். சித்தப்பா டீ வாங்கப் போயிருந்தார். அப்பா வால்வை மூடி, காற்றை விட்டு, அம்மா தேர்ந்தெடுத்த நிப்பிளைக் கழற்றி, புஷ்ஷைப் போட்டு, அதில் இந்தச் சின்னத் தொண்டையைப் போட்டு, அதே பெரிய ஹோஸை அதன் வாலில் சொருகிக் கிளிப்பை முறுக்கினார். மேலே டேப்பை மொத்தமாகச் சுற்றினார். வெளியே பார்த்தால் எதுவும் மாறவில்லை. கை தடுமாறவே இல்லை. எங்கே எது எவ்வளவு சிறுத்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவன் கை அது.

ஏன்ப்பா என்று கேட்டேன். காற்று ரொம்ப வருகிறது, நட்டு அறுந்துபோகும் என்றார். பொய். எனக்கே தெரிந்தது. வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் கத்தினேன். தெருவையே கூட்டிவைத்துக் குடத்தில் தண்ணீர் பிடித்துக் காட்டியவள், ஒவ்வொரு ஓட்டையையும் கண்ணால் பார்த்து வாங்கியவள், அவளே அந்தப் புஷ்ஷை எடுத்துக்கொடுத்திருக்கிறாள். மாமா வந்து பார்த்தால் என்று கேட்டேன். "உன் மாமன் பாப்பான். பாத்துட்டு சும்மா இருப்பான். நீயும் சும்மா இரு" என்றாள். பிறகு ஒருநாள் மாமா வந்தார், டேப் சுற்றிய இடத்தைத் தடவிப் பார்த்தார், உண்மையாகவே சும்மா இருந்தார்.

அப்பா நல்லவர் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. கட்டைவிரல் பாடத்தை அவர் நிஜமாகவே நம்பினாரா, இல்லை முதலிலிருந்தே தெரிந்துதான் அந்தச் சின்ன ஹோஸை வாங்கிவந்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தே செய்தார் என்றால், ஒருவனைக் காப்பாற்ற இன்னொருவனைத் திருடன் ஆக்கினார். அதற்கு எனக்கு இன்னமும் கோபம் இருக்கிறது. முட்டாள் என்று தெரு சொன்னதை வாங்கிக்கொண்டு நின்றார் என்பதும் உண்டு. இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்க எனக்கு வரவில்லை.

அப்பா புஷ்ஷை மாட்டிய அன்று சாயங்காலமே ஒரு பெரிய ட்ரெய்லர் வந்தது. நான் கோபத்தில் பட்டறை ஓரம் டயர் மேல் உட்கார்ந்திருந்தேன். கன் இரண்டு நட்டைக் கழற்றியது. மூன்றாவது உப்பேறிய நட்டு. கிர்ர்ர் என்றது. அப்பா கன்னைத் திருப்பிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், மறுபடி அமுக்கினார். கிர்ர்ர். டிரைவர் நேரமாகிறது என்று கத்தினான்.

"டேய் தம்பி, எங்கடா போன? வா, மிஷினால ஆவல."

சித்தப்பா டீ டம்ளரை வைத்துவிட்டுப் பட்டறைக்குப் பின்னால் ஓடினார். பைப்பின்மேல் ஏறி, வண்டியைப் பிடித்துக்கொண்டு எம்பினார். டக். அன்று ராத்திரி அவர் தட்டை இரண்டுமுறை நீட்டினார். அம்மா கேட்காமலே மூன்றாவது முறையும் போட்டாள்.

மிஷினால ஆவல என்று கத்தினாரே, அப்போது அப்பாவின் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. அது என் காதில் நன்றாகவே விழுந்தது. இவ்வளவு நல்ல மெஷினைக் கெடுத்துவிட்டு இந்த மனிதனுக்கு என்ன சந்தோஷம் என்று பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. ஸ்கேலை எடுத்து, அண்ணாச்சி சொன்னதையும் மறந்து, டேப் சுற்றிய இடத்தை வெளியே வைத்து அளந்தேன்.